போளையா, களிமண் உருண்டையா: கெற்றப்போலுக்குக் குண்டு செய்த கதை

நேற்றுக் காலை ஆறரை மணிக்குக் குரங்கை விரட்டக் கெற்றப்போலால் (உண்டிவில்) பத்துக் களிமண் உருண்டை அடித்தேன். எட்டு, தென்னையில் தொங்கவிட்ட தகரத்தில் பட்டது. ஒன்று ஓலைக்குள் போனது. மற்றது எங்கே போனதென்று எனக்கும் தெரியாது, குரங்குக்கும் தெரியாது. யூன் மாதம் இதே கை, இதே தென்னை, பத்துக்கு இரண்டு பட்டால் அன்றைக்கு மனிசியிடம் சொல்லிக்கொண்டு திரிவேன். இடையில் மாறியது பெரும்பாலும் குண்டுதான். கடையில் வாங்குவதா, நானே செய்வதா என்று நாலு மாதம் அலைந்ததை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எங்கள் காணி ஒட்டுசுட்டானில். இருபத்திரண்டு தென்னை. வெயில் ஏறுவதற்கு முன் செங்குரங்குக் கூட்டம் வரும், சில நாளில் மந்தியும் வரும். தேங்காயை விடக் குரும்பைதான் அதிகம் போகிறது. ஒன்றைக் கடிக்கும், எறியும், அடுத்ததைப் பிடுங்கும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுக்கத் தோட்டத்துக்கு வரும் விலங்குகளை எண்ணச் சொன்னார்களே, அன்றைக்கு நானும் படிவத்தோடு முற்றத்தில் நின்றேன். அந்த ஐந்து நிமிடமும் ஒரு குரங்கு வரவில்லை. 8.20க்குக் கூட்டமாக வந்தன.

குரங்குக்கு நேரே நான் அடிப்பதில்லை. காயப்பட்ட குரங்கு கிணற்றடியில் கிடந்து செத்தால் பார்க்க முடியாது. ஆறு தென்னையில் வட்டுக்குக் கொஞ்சம் கீழே ஓரடிக்கு ஓரடிப் பழைய கூரைத் தகரத்தைக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். உருண்டை அதில் பட்டால் 'டமார்' என்று வெடிக்கிற மாதிரிச் சத்தம். குரங்குக்குத் தலைக்கு மேல் சத்தம் வந்தால் போதும், கூட்டமே அடுத்த காணிக்குப் போய்விடும். அடுத்த காணிக்காரருக்கு அது பிடிக்காது என்பது வேறு கதை. நான் நிற்கும் வேலியடியிலிருந்து தகரத்துக்கு இருபது மீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஓரடித் தகரம் அங்கிருந்து பார்க்கத் தபால் முத்திரை மாதிரித்தான் இருக்கும்.

கெற்றப்போல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொய்யாக் கவர், சைக்கிள் ரியூப்பில் வெட்டிய இரண்டு பட்டி, தேய்ந்த செருப்பின் தோலில் ஒரு மடி. பட்டி ஒவ்வொன்றும் 18 மில்லிமீற்றர் அகலம், 24 சென்ரிமீற்றர் நீளம். ஒரு நாள் வெடித்திருந்த பட்டி இழுக்கும்போது அறுந்து மணிக்கட்டில் அடித்தது, மூன்று நாள் வீக்கம். அதற்குப் பிறகு கண்ணாடி போடாமல் இழுப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை பட்டியை வளைத்து வெடிப்புப் பார்க்கிறேன்.

முதலில் அடித்தது பருக்கைக் கல். காசு இல்லை, குனிந்தால் கிடைக்கும். ஆனால் ஒன்று உருண்டை, ஒன்று தட்டை, ஒன்று மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். தட்டைக் கல் பத்து மீற்றர் நேரே போய்விட்டுப் பக்கத்து மாமரத்துக்குத் திரும்பும். சரி, காசைக் கொடுத்து நல்லதாய் வாங்குவோம் என்று ஒட்டுசுட்டான் சந்தியில் போளை (கண்ணாடிக் கோலிக்குண்டு) வாங்கினேன். ஒன்று 12 ரூபா. சின்ன வயதில் போளைக்காக அடிபட்டவனுக்கு அதைத் தென்னையை நோக்கி எறிய மனம் வரவில்லை, ஆனாலும் அடித்தேன். அருமையாகப் போனது. கடையில் விற்கும் சாதாரணப் போளை 16 மில்லிமீற்றர், ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் கூட. எந்தப் போளையை எடுத்தாலும் அதே அளவு, அதே பாரம். பத்துக்கு ஐந்து பட்டது.

பிரச்சினை இரண்டாவது கிழமைதான் தெரிந்தது. அப்போது ஒரு நாளைக்கு நாற்பது அடித்தேன். 480 ரூபா. மூன்றில் ஒன்றைத்தான் புல்லுக்குள் தேடி எடுக்க முடிகிறது. மீதி கிடக்கும், தகரத்தில் பட்டு உடைந்ததும் கிடக்கும். தேங்காய் பொறுக்க வந்த பிள்ளை ஒன்றின் காலில் கண்ணாடித் துண்டு ஏறியதோடு போளையை நிறுத்தினேன்.

அடுத்தது சைக்கிள் கடையில் பெயாரிங் குண்டு. 8 மில்லிமீற்றர்க் குண்டு இரண்டு கிராம்தான், பட்டி அதைத் தூக்கி எறியும் வேகத்துக்குக் கண்ணுக்கே தெரியாது. 10 மில்லிமீற்றர் நாலு கிராம், அதுதான் சரியான பாரம். இருபது குண்டு வாங்கிக்கொண்டு வந்து வேலியடியில் நின்று அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் காணி அண்ணை எட்டிப் பார்த்தார். அவர் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலையில் பல வருடம் இருந்தவர்.

"என்ன அடிக்கிறாய்?"

காட்டினேன். முகம் மாறிவிட்டது.

"இரும்பை மண்ணுக்குள்ள விதைக்காதை. நாங்கள் ஒரு ஆணிக்கும் குந்தியிருந்து அரை மணித்தியாலம் கிளறியிருக்கிறம். மெசினுக்கு ஆணியும் ஒண்டுதான், மற்றதும் ஒண்டுதான்."

அந்தக் குண்டுகளில் பதினான்கைத் தேடி எடுத்தேன். ஆறு இன்னும் எங்கேயோ கிடக்கின்றன. எங்கள் ஊரில் மண்ணுக்குள் புதிதாய் இரும்பு போடுவது எவ்வளவு முட்டாள்தனம் என்று ஒருவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

ஓகஸ்டில் அக்காவின் மகன் வந்தான். சுவிஸில் பேர்ண் நகரில் பிறந்து வளர்ந்தவன், அந்த நாட்டுக் குடியுரிமை, கட்டாய இராணுவப் பயிற்சியும் முடித்தவன். அங்கே அப்படிப் பயிற்சி முடித்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை 300 மீற்றரில் இருபது வெடி சுட்டுக் காட்ட வேண்டும், அதற்கான தோட்டாவை அரசாங்கமே தரும். அந்தப் பழக்கத்தில் ஊர்ச் சுடும் கழகத்திலும் சேர்ந்திருக்கிறான். இங்கே துவக்கு என்று வாயால் சொன்னாலே நாலு பேர் திரும்பிப் பார்க்கிற ஊரில், அவன் ஏதோ கிரிக்கெட் கழகம் பற்றிச் சொல்வது மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தான். மனிசி எழுந்து போய் வெளிக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

இரண்டு காலை என்னோடு வேலியடியில் நின்று பார்த்தான். அப்புறம் சொன்னான்:

"மாமா, நீங்க குறி வைக்கிறதில பெரிய பிழை இல்லை. ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு மாதிரி. அதுதான் பிழை."

அவர்கள் கழகத்திலும் வாங்குவதா செய்வதா என்ற வாக்குவாதம் ஓயாதாம். பழைய இராணுவத் துவக்கு வைத்திருப்பவர்கள் 7.5 மில்லிமீற்றர் ஜிபி 11 என்ற தோட்டாவை வாங்குவார்கள். 1911இல் வந்தது, குண்டு மட்டும் 11.3 கிராம். இராணுவத்துக்கென்று செய்த சாதாரணத் தோட்டாதான், ஆனால் போட்டிக்குப் போகுமளவு ஒரே சீராக இருக்குமாம். சுட்டபின் மிஞ்சும் அந்தத் தோட்டாவின் வெற்றுக் கோதைத் திரும்ப நிரப்புவதும் சிரமம். அடியில், அடிபட்டால் நெருப்புப் பிடிக்கும் கேப்பிலிருந்து உள்ளே நெருப்புப் போகும் ஓட்டை நடுவில் ஒன்றாக இல்லாமல் ஓரத்தில் இரண்டாக இருக்கிறது, வழக்கமான ஊசியால் பழைய கேப்பைக் குத்தி வெளியே தள்ள முடியாது. இதை எனக்கு விளக்கச் சோடா மூடியொன்றை எடுத்து ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுக் காட்டினான். ஆகவே அந்தத் துவக்குக்காரர்கள் வாங்கிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள்.

ஆனால் கழகத்தில் ஒரு கிழவர் வேறு ரகத் துவக்கு வைத்திருக்கிறார், 308 என்று பெயர். அதற்குப் போட்டித் தரத் தோட்டா வாங்கப் போனால் விலை கையைச் சுடும். அவர் சுட்ட பித்தளைக் கோதைப் பொறுக்கி, பழைய அளவுக்கு அமுக்கி, புதுக் கேப் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, புதுக் குண்டை இருத்தி வீட்டிலேயே செய்கிறார். தோட்டாவில் விலை கூடிய பாகங்களில் ஒன்று அந்தப் பித்தளைக் கோது, அதைப் பல தடவை பாவிக்கலாம், மிச்சம் அங்கேதான். குண்டு 168 கிரெய்ன், நம் கணக்கில் 10.9 கிராம். பொன் நிறுக்க நாங்கள் குண்டுமணி வைத்திருந்த மாதிரி அவர்கள் தானிய மணியை, அதுதான் கிரெய்னை, வைத்திருக்கிறார்கள். "அவர் காசு மிச்சம் பிடிச்சாரா?" என்று கேட்டேன். "இல்லை மாமா. முந்தி ஐம்பது சுட்டவர், இப்ப இருநூறு சுடுறார்."

இங்கே அப்படி நிரப்பலாமா என்றும் கேட்டான். 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டமும் 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் இருக்கிற நாடு, அதிலும் வன்னி. இந்தக் கதையை முற்றத்துக்கு வெளியே கேட்காதே என்று சொல்லி வைத்தேன். அவன் சிரித்துவிட்டு, தரையிலிருந்து ஒரு மண்கட்டியை எடுத்து உருட்டினான். "இதில செய்யுங்கோ. ஆனா எல்லாம் ஒரே மாதிரி இருக்கோணும்."

அங்கிருந்துதான் வேலை தொடங்கியது.

களிமண்ணுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. ஒரு காலத்தில் இதே ஊரில் ஓட்டுத் தொழிற்சாலை நடந்தது சும்மா இல்லை. ஊர்ச் சின்னக் குளம் ஓகஸ்டில் வற்றிக் கிடந்தது. கமக்கார அமைப்பில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மேல் வெடிப்பு மண்ணைத் தள்ளி, ஒரு முழம் கீழே கறுத்த களியை அரை வாளி எடுத்தேன். இரண்டு நாள் தண்ணீரில் ஊறவிட்டுக் கரைத்து, பழைய நுளம்பு வலையில் வடித்தேன். வலையில் நின்றதைப் பார்த்தால் சிப்பி, வேர், சின்னக் கல், ஒரு நண்டுக் கால். வடித்த சேற்றைச் சாக்கில் ஊற்றி மரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் ரொட்டி மா பதத்துக்கு வந்தது.

முதல் நூறும் கையால் கிள்ளி உருட்டியது. ரொட்டிக்கு உருண்டை பிடிப்பது மாதிரித்தானே என்ற நினைப்பு. வெயிலில் காயவைத்தேன். பாதிக்கு மேல் வெடித்துப் பிளந்தது. வெடிக்காததை நிறுக்க வவுனியாவுக்குப் போன வழியில் ஒரு சின்னத் தராசு வாங்கி வந்தேன், நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற மாதிரி, 0.01 கிராம் வரை காட்டும், 1,850 ரூபா. நிறுத்தால் ஒன்று 3.1 கிராம், ஒன்று 5.9. என் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரிந்தது. பருக்கைக் கல்லை விடப் பரவாயில்லை என்பதைத் தவிர வேறு லாபம் இல்லை.

இரண்டாவது, இடியப்ப உரல். அச்சைக் கழற்றிவிட்டு ஒற்றை ஓட்டை போட்ட தகடு வைத்து அமுக்கினால் களி கயிறாக வரும், சம அளவாக வெட்டி உருட்டலாம் என்று கணக்குப் போட்டேன். 14 மில்லிமீற்றர் ஓட்டை, 2 சென்ரிமீற்றர்த் துண்டு. கணக்கு சரி. மனிசி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துச் செய்தேன். அந்தக் களி உரலுக்குள் இறங்க மாட்டேன் என்றது. பலமாக அமுக்கினேன், மரக் கைப்பிடி 'டக்' என்று வெடித்தது. வந்த நாலு அங்குலக் கயிறும் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்து, அதன் பாரத்தில் அதுவே இழுபட்டுத் தொங்கியது. புது உரல் 1,400 ரூபா. அந்தச் செலவையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்று வீட்டில் தீர்ப்பு.

மூன்றாவது பிழை சூளை. காய்ந்த உருண்டை நாற்பதை அடுப்புத் தணலுக்குள் போட்டேன். காய்ந்தது என்று நான் நினைத்தேன், உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. ஒரு சில்லு கறிச்சட்டிக்குள் விழுந்தது. அடுத்த தடவை ஒரு கிழமை நிழலில் காயவைத்து, அடுப்படியில் சூடேற்றி, மெல்ல மெல்லத் தணலுக்குள் தள்ளினேன். அது சரிவந்தது. நல்ல சிவப்பு, தட்டினால் 'கிணிங்' என்று சத்தம், 4.5 கிராம் இருந்தது 4.1க்கு இறங்கியது. பெருமையோடு அடித்த முதல் உருண்டை தகரத்தைத் தவறவிட்டு எங்கள் தண்ணீர்த் தாங்கியின் பக்கத்தில் பட்டு ஓட்டை போட்டது. ஓட்டை அடைக்க 900 ரூபா. சுட்ட உருண்டை கல்தான். அது குரங்கில் பட்டால் எலும்பு போகும், ஆளில் பட்டால் கண் போகும். எனக்கு வேண்டியது சத்தம் போட்டுவிட்டுத் தூளாகிற ஒன்று. சூளையை அன்றோடு விட்டேன்.

நாலாவதுதான் நின்றது. அரை அங்குலப் பிவிசிக் குழாயில் 13.5 மில்லிமீற்றர் நீளத்துக்கு ஒரு வளையம் வெட்டினேன். உள் விட்டம் 17 மில்லிமீற்றர். வளையத்தைப் பலகையில் வைத்து, களியை அமுக்கி நிரப்பி, மேலே கத்தியால் ஒரு வழி வழித்து, பெருவிரலால் தள்ளினால் கேக் துண்டு மாதிரி ஒரு வில்லை விழும். அதை உருட்டினால் 18 மில்லிமீற்றர் உருண்டை. ஈரத்தில் 5.8 கிராம், காய்ந்தால் 16.5 மில்லிமீற்றர், 4.5 கிராம். நானும் நிறுப்பதற்குப் பதில் கொள்ளளவால் அளந்திருக்கிறேன். மருமகனுக்குப் படம் அனுப்பினேன். கிழவரும் மருந்தை முதலில் அளவுக் கிண்ணத்தால் எடுத்துவிட்டுப் பிறகுதான் தராசில் சரிபார்ப்பாராம்.

சின்ன விசயங்கள் சில. வளையத்தின் உள்பக்கம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவாவிட்டால் களி ஒட்டும், பாதி உள்ளே நிற்கும். எண்ணெய் கூடினால் உருட்டும்போது வழுக்கி மடிப்பு விழும், மடிப்புக்குள் காற்று நிற்கும். கோணலாகப் போன உருண்டை ஒன்றை வெட்டிப் பார்த்தேன், நடுவில் உளுந்து அளவு வெற்றிடம். அதற்குப் பிறகு களியைச் சப்பாத்தி மா பிசைவது போல் பத்து நிமிடம் பலகையில் அடித்துப் பிசைகிறேன். வெடிப்புக்கு உமிச் சாம்பல் சேர்த்தேன், பத்துக் கை களிக்கு ஒரு கை. இரண்டு கை போட்டதில் உருண்டை காய்ந்தபின் விரலில் மாவாக உதிர்ந்தது. வெயிலில் காயவைப்பதையும் விட்டேன். மாட்டுக்கொட்டில் நிழலில் சாக்கு விரித்து, மேலே இன்னொரு சாக்கு மூடி, நாலு நாள். காலையில் ஒருமுறை உருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பக்கம் தட்டையாகும். நூறில் நாலைந்துதான் இப்போது வெடிக்கிறது.

அப்புறம் சோதனை. குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டைப் பெட்டியை விரித்து வேலியில் கட்டி, நடுவில் பால்மா டின் மூடி அளவுக்கு வட்டம் கீறி, 15 மீற்றரில் நின்று ஒவ்வொரு ரகத்திலும் பத்து. மிகத் தூரத்தில் விழுந்த இரண்டு தழும்புக்கு இடையே நாடா வைத்து அளந்தேன். பருக்கைக் கல் 71 சென்ரிமீற்றர். கையால் கிள்ளிய உருண்டை 52. வளையத்தில் செய்தது 33. போளை 31. மருமகனின் ஆட்கள் இதை வேறு கணக்கில் சொல்வார்கள், பாகையை அறுபதாய்ப் பிரித்து அதில் ஒரு பங்கு, 100 மீற்றரில் அது ஏறக்குறைய 29 மில்லிமீற்றர். அந்தக் கணக்கில் என் கெற்றப்போலைச் சொன்னால் சிரிப்பார்கள், சொல்லவில்லை.

33ஐக் குறைக்க எனக்கு ஆசை வந்துவிட்டது. எல்லா உருண்டையையும் தனித்தனியாக நிறுத்தேன். வளையத்தில் செய்தவை 4.2 முதல் 4.7 வரை இருந்தன. மூன்று டின் வைத்து, 4.4க்கும் 4.5க்கும் இடையில் வந்ததை மட்டும் முதல் டின்னில் போட்டேன். இருநூறு உருண்டைக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது, முதுகு பிடித்துக்கொண்டது. பொறுக்கியெடுத்த பத்தை அடித்தேன். 32. இன்னொரு பத்து. 34. அந்தப் பின்னேரம் மண்ணாய்ப் போனது. வளையம் கொடுத்த சீரே என் கைக்கு மிஞ்சிய சீர்.

இதை மருமகனிடம் சொன்னபோது, இழுக்கிற கை எங்கே நிற்கிறது என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன். ஒரு நேரம் நாடியில், ஒரு நேரம் தோளில். களைத்தால் நெஞ்சளவில். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னான். மனிசி எடுத்தாள், பத்து அடியில் பத்து இடம். அவன் சொன்னபடி பெருவிரல் நகம் கன்ன எலும்பில் முட்டுகிற இடத்தில் நிறுத்தி அடிக்கத் தொடங்கினேன். முதல் இரண்டு நாள் எல்லாம் மேலே போனது. மூன்றாம் நாள் வளைய உருண்டையில் 19 சென்ரிமீற்றர். அதே பிடியில் போளை 18. பருக்கைக் கல் 64. கல்லுக்குப் பிடி எவ்வளவு திருத்தியும் பிரயோசனம் இல்லை. கிள்ளிய உருண்டை மிச்சம் இருக்கவில்லை, இருந்திருந்தால் அதையும் அடித்துப் பார்த்திருப்பேன்.

செலவைச் சொல்கிறேன். வளையத்தில் நூறு உருண்டை செய்ய, பிசைவதையும் சேர்த்து, முக்கால் மணித்தியாலம். இப்போது இருபதுக்கு ஒன்றைத்தான் தராசில் வைக்கிறேன். எங்கள் பக்கம் கூலி நாளுக்கு 3,000 ரூபா, எட்டு மணித்தியாலம். அந்தக் கணக்கில் என் நேரத்துக்குக் கூலி போட்டால் நூறுக்கு 280 ரூபா, ஒன்றுக்கு 2.80. போளை 12, மூன்றில் ஒன்று திரும்பக் கிடைப்பதால் 8 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 5.20 மிச்சம். தராசுக் காசு 356 உருண்டையில் திரும்பிவிட்டது. இடியப்ப உரலையும் தண்ணீர்த் தாங்கியையும் சேர்த்தால் 4,150 ரூபா, 800 உருண்டை தாண்ட வேண்டும். கடந்த கிழமை தாண்டினேன். ஆனால் கிழவரின் கதை எனக்கும் வந்துவிட்டது. குண்டு சும்மா கிடைக்கிறது என்றானதும் நாற்பது அடித்த இடத்தில் இப்போது எழுபது அடிக்கிறேன், குரங்கு வராத நாளிலும்.

தராசை இனி யாராவது வாங்குவதென்றால் வேண்டாம் என்பேன். வளையம் போதும், தராசைப் பக்கத்து நகைக்கடையில் ஒருமுறை கேட்டு வாங்கி வளைய நீளத்தைச் சரிபார்த்தால் முடிந்தது. போளைக்கு நான் எதிரியுமில்லை. ஒரு நாளைக்குப் பத்து அடிக்கிறவர், கீழே சீமெந்துத் தரை உள்ளவர், பொறுக்கப் பேரப்பிள்ளை உள்ளவர் போளையே வாங்கலாம். எனக்குப் புல்லுக்குள் கண்ணாடியும் வேண்டாம், மண்ணுக்குள் இரும்பும் வேண்டாம். களி தகரத்தில் பட்டதும் பூவாகச் சிதறி விழுகிறது. ஒரு மழையில் தென்னையடி மண்ணோடு கரைந்துவிடும். அண்ணை வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அது அவரிடமிருந்து கிடைக்கும் சான்றிதழ்.

குரங்குகளும் படிக்கின்றன. மூன்றாம் கிழமை பெரிய கடுவன் ஒன்று தகரம் அடிபட்டபோது திரும்பிப் பார்த்துவிட்டுக் குரும்பையைத் தொடர்ந்து கடித்தது. இப்போது ஞாயிறுதோறும் தகரத்தை மரம் மாற்றிக் கட்டுகிறேன். ஏறுகிறவருக்கு மரத்துக்கு 150 ரூபா. மேலே சொன்ன 2.80இல் அதைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் கணக்கு வேறு மாதிரிப் போகும்.

அடுத்த முறை மாற்றப்போவது இரண்டு. வளையம் ஒன்றுக்குப் பதில் பலகையில் பன்னிரண்டு ஓட்டை துளைத்து, ஒரே வழியில் பன்னிரண்டு வில்லை எடுக்க வேண்டும். தச்சரிடம் முதிரைப் பலகை கேட்டிருக்கிறேன். மற்றது, களியைக் குளம் வற்றியிருக்கும்போதே இரண்டு வாளி எடுத்து வைத்திருக்க வேண்டும். ஒக்ரோபர் மழை தொடங்கிவிட்டது, நான் எடுத்த குழிக்கு மேல் இப்போது முழங்கால் தண்ணீர்.

மழையில் இன்னொன்றும் தெரிந்தது. மாட்டுக்கொட்டிலில் வைத்திருந்த உருண்டைகள் காற்றின் ஈரத்தைக் குடித்து, 4.5 கிராம் இருந்தது 4.7 ஆகி, மடியில் வைத்து இழுக்கும்போதே அமுங்கின. மிச்சம் இருந்த முந்நூற்றுச் சொச்சத்தைப் பால்மா டின்களில் போட்டு அடுப்புப் புகட்டில் ஏற்றியிருக்கிறேன், புளிக்கும் மிளகாய்க்கும் பக்கத்தில். மனிசி ஒரு டின்னில் சோக்கால் 'குரங்கு' என்று எழுதி வைத்திருக்கிறாள், கறிக்குள் போய்விடாமல்.